எதிர் அறைக்கு ஒரு மேசை

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில், எங்கள் அலுவலகத்தின் புகார் மேசை இடது அறையிலிருந்து வலது அறைக்கு மாற்றப்பட்டது. இது என் கருத்தல்ல. விழா மலரின் முதல் பக்கத்தில், இயக்குநரின் படத்துக்குக் கீழே, பொன்னிற எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

இடது அறைக்கும் வலது அறைக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. அதில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். மற்றவர் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பார். அதைத் தவிர அந்த நடையில் கடக்க முடியாதது எதுவும் கிடையாது.

எங்களுடையது எடை அளவை அலுவலகம். சந்தையில் மிளகாய் விற்கிற பெண்ணின் தராசிலிருந்து துணிக்கடைக்காரரின் முழக்கோல் வரை எல்லாவற்றையும் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை குத்த வேண்டும். எடையில் ஏமாந்ததாக நினைப்பவர்கள் வந்து முறையிடுவதற்கு ஒரு மேசை. டச்சுக்காரர்கள் போகும்போது விட்டுப்போன தேக்கு மேசை அது. தூக்க முடிந்திருந்தால் அதையும் கொண்டுபோயிருப்பார்கள். அதை ஏன் எதிர் அறைக்கு மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாவது ஆயத்தக் கூட்டம் வரை அது எல்லோருக்கும் நினைவிருந்தது.

அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பாக் வாசிஸ். ஆண்களுக்கு 'பாக்', பெண்களுக்கு 'இபு' என்று சேர்த்துச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. நாற்பது வயதைத் தாண்டிய சாது. கொதித்துக்கொண்டு வருகிறவர்கள், அவரிடம் பேசி முடித்ததும், தப்பு தராசின்மேல் இல்லை, தங்கள்மேல்தான் என்று வருந்திக்கொண்டு திரும்பிப்போவார்கள். அவ்வளவு பொறுமையாகக் கேட்பார்.

அவர் மனைவி லாஸ்மி வொனோசோபோ மலைப்பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் தாதி. ஆறு வருடங்களாக வாசிஸ் சனிக்கிழமை பேருந்தில் மலை ஏறுவார், ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் இறங்குவார். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் படம் வரையச் சொன்னபோது மகள் நிங் ஒரு பேருந்தை வரைந்தாள். ஆறு வருடம் எழுதிக் கேட்டு, கடைசியில் அந்த வருடம் வொனோசோபோ கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வரும் மாதம் முதல் தேதிக்குள் அங்கே போய்ப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் அந்த இடம், அதையே கேட்டுக்கொண்டிருந்த தெகால் ஊர்க்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

உத்தரவை எடுத்துக்கொண்டு வாசிஸ் இயக்குநர் பாக் ஹார்தோயோவிடம் போனார். இயக்குநர் அதைப் படித்து, மகிழ்ந்து, வாழ்த்தி, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் வாசிஸ். ஆனா இப்ப நம்ம ஆபீஸ் மாற்றத்துல இருக்கு. மாற்றத்துல இருக்கிற ஆபீஸ்லேர்ந்து யாரும் மாறிப்போகக் கூடாதுன்னு விதி. மாற்றத்தை ஏத்துக்கிட்டதா சான்று வாங்கினவங்க போலாம்."

"ஏத்துக்கிட்டேன் பாக்."

"எதை?"

"மாற்றத்தை. வேணும்னா இப்பவே நாலு பேரைக் கூப்பிட்டு மேசையைத் தள்ளிடவா?"

மருத்துவர் வருவதற்கு முன்னாலேயே பிணத்தைத் தூக்கிவிடலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல இயக்குநர் அவரைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க. ஜகார்த்தாவுலேர்ந்து நிபுணர் வரார். முறைப்படி ஏத்துக்குவோம்."

நிபுணரின் பெயர் ஹெர்லம்பாங். பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்கள், பின்னால் ஆறு. அத்தனையையும் ஏற்றியதில் வரவேற்புப் பதாகையில் 'வருக' என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. தொடக்க விழாவில் மூன்று முறை பெரிய வெண்கல மணித்தட்டை அடிக்க வேண்டியது இயக்குநரின் வேலை. அவர் சோலோக்காரர். தட்டுக்கு வலிக்காமல் அடித்தார். அடித்தது யாருக்கும் கேட்காததால், அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் "அடித்துவிட்டார்" என்று சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

இயக்குநர் பேசினார்.

"இந்தத் துறையில் எனக்கு முப்பது ஆண்டு அனுபவம். பதினான்கு மாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முழுமனதோடு வரவேற்றிருக்கிறேன். ஒன்றினாலும் நமக்கு எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை. காரணம், எதுவும் மாறாதபடி நாம் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாரம்பரியத்தை இந்தத் தலைமுறையும் காப்பாற்ற வேண்டும்."

அடுத்து நிபுணர் பேசினார்.

"மேசையை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதற்கு நான் தேவையில்லை. மேசை நகராமல் இருக்கிற ஒவ்வொரு நாளும்தான் நான் தேவை. ஏனென்றால் மேசை வெறும் மரம். மாற்றம் நடப்பது உங்கள் மனசுக்குள்ளே. உங்கள் மனசு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; நான் வரைந்து வைத்திருக்கிறேன்."

மறுநாள் காலையிலிருந்து வேலை தொடங்குவதற்கு முன் முற்றத்தில் எல்லோரும் வரிசையாக நின்று கோஷம் போட்டோம். நிபுணரின் உதவியாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். "நாம் யார்?" என்று ஒருவர் கத்த வேண்டும். "மாற்றம்!" என்று நாங்கள் கத்த வேண்டும். "எங்கே போறோம்?" "எதிர் ரூமுக்கு!" "எப்போ?" இந்த மூன்றாவது கேள்விக்கான பதில் மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தபடியால், அந்த இடத்தில் மட்டும் கைதட்டினோம்.

பிறகு மனசு. கூட்ட அறையின் தரையில் ஆறு வண்ண வட்டங்களை வரைந்திருந்தார்கள். அதிர்ச்சி, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மாற்றத்தைச் சந்திக்கிற எந்த மனிதனும் இந்த ஆறு வட்டங்களையும் வரிசையாகக் கடந்துதான் ஆக வேண்டும் என்பது நிபுணரின் கண்டுபிடிப்பு. "உங்க மனசு இப்ப எந்த வட்டத்துல இருக்கோ, அதுல போய் நில்லுங்க" என்றார்.

பெரியவர் முதலில் நிற்கட்டும் என்று காத்திருந்தோம். இயக்குநர் ஏற்பு வட்டத்தில் போய் நின்றார். மின்விசிறி அதற்கு மேலேதான் இருந்தது. அவர் நின்ற பிறகு வேறு வட்டத்தில் நிற்பது மரியாதையாகாது. ஆகவே அலுவலகம் முழுவதும், ஒருவர் காலை ஒருவர் மிதித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த ஒரே வட்டத்துக்குள் நின்றது. வாசிஸ் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தார்.

நிபுணர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முடியாது. யாரும் இங்க ஆரம்பிக்க முடியாது. இது மனித இயல்புக்கே விரோதம்."

"நாங்க ஏத்துக்கிட்டோம் பாக்" என்றார் வாசிஸ், கூட்டத்துக்குள்ளிருந்து.

"அதுதான் நோயே. ஏத்துக்கிட்டதா நினைக்கிறீங்க. உள்ளுக்குள்ள எரிமலை."

எங்கள் எல்லோரையும் அதிர்ச்சி வட்டத்துக்குத் திருப்பி அனுப்பினார். மேசைக்குரியவர் வாசிஸ் என்பதால் அவர்தான் 'முதன்மைப் பாதிப்பாளர்' என்று அறிவிக்கப்பட்டது. அவர் ஒரு வட்டத்தைக் கடந்தால்தான் அலுவலகம் அதைக் கடந்ததாகக் கணக்கு. அந்தப் பட்டத்தை எழுதி அவர் சட்டையில் குத்தினார்கள். வாசிஸ் நன்றி சொன்னார்.

அதிர்ச்சி அடைய வைப்பதற்கு நிபுணர் மிகவும் பாடுபட்டார். வாசிஸ் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது தூணுக்குப் பின்னாலிருந்து குதித்து, "உங்க மேசை நகரப்போகுது!" என்று கத்தினார்.

"ஆமாங்க பாக். நீங்க டீ குடிச்சாச்சா?" என்றார் வாசிஸ்.

பதிவுப் பிரிவின் தலைவி இபு சுந்தாரிக்குத்தான் பொறுக்கவில்லை. சுந்தாரிக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. யாரையும் கிண்டல் பண்ணுவதற்கு வேண்டிய துணிச்சல் அந்த வயதில்தான் வருகிறது. வாசிஸை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்ப்பா, உனக்கு ஊர் போய்ச் சேரணுமா வேணாமா? நெஞ்சுல கை வை. வாயைத் தொற. மாமியா சொல்லாம கொள்ளாம பெட்டியோட வந்து நிக்கறான்னு நெனச்சுக்க."

"என் மாமியார் ரொம்ப நல்லவங்க இபு."

"சரி, என் மாமியான்னு நெனச்சுக்க."

அன்று மாலை மூன்றாவது தூணருகே வாசிஸ் அதிர்ச்சியடைந்தார். சுந்தாரியின் மாமியாரை அவருக்குத் தெரியும்.

மறுப்பு வட்டம் அவ்வளவு சுலபமாக இல்லை.

"மேசை நகரப்போகுதுன்னு சொல்றேன். நீங்க அதை மறுக்கணும்" என்றார் நிபுணர்.

"மறுக்கறேன் பாக்."

"எதை மறுக்கறீங்க?"

"நீங்க எதைச் சொல்றீங்களோ, அதை."

"நான் மறுக்கச் சொன்னதால மறுக்கறீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் சொல்றதை ஏத்துக்கறீங்க!"

"ஆமாங்க பாக்."

நிபுணர் வெளியே போய் முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். இப்படி ஒரு வாரம் போயிற்று. கடைசியில் சுந்தாரி சொல்லிக்கொடுத்தபடி, "நீங்கள் மறுக்கச் சொல்வதை நான் மறுக்கிறேன்" என்று வாசிஸ் ஒப்பிக்க, அது ஏற்பா மறுப்பா என்று நிபுணரின் உதவியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்து, பெரும்பான்மை வாக்கில் மறுப்பு என்று முடிவாயிற்று.

அதற்கு அடுத்தது கோபம். அங்கே அலுவலகம் நின்றுவிட்டது.

சோலோவில் கோபம் கிடையாது என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் அது வெளியே வருகிற வழி வேறு. குரலை உயர்த்துவது தெருநாய்க்கும் ஜகார்த்தா பேருந்து நடத்துனருக்கும் உரியது. இங்கே பேச்சுக்குப் படிகள் உண்டு: கீழ்ப்படி வீட்டுக்கும் சிநேகிதத்துக்கும், மேல்படி பெரியவர்களுக்கு, அதற்கும் மேலே அரண்மனைப் பேச்சு. கோபம் ஏற ஏற மனிதன் படி ஏறுவான். குரல் இறங்கும். கணவன் தாமதமாக வந்த அன்று மனைவி அவனை 'தாங்கள்' என்று அழைத்தால் அவன் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்வான்.

இதெல்லாம் நிபுணரின் வட்டத்தில் இல்லை. அவர் ஒரு வண்டி நிறையப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொருவராக வந்து, மனசுக்குள் இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து, ஒரு தட்டைச் சுவரில் எறிந்து உடைக்க வேண்டும்.

இயக்குநர் முதலில் வந்தார். தட்டைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, நல்ல தட்டு என்று பாராட்டி, சுவரோரமாகச் சத்தமில்லாமல் வைத்தார். அடுத்தவர் அதன்மேல் தன்னுடையதை வைத்தார். கணக்கர் தட்டைத் தொடுவதற்கு முன்னால் அதனிடம் மன்னிப்புக் கேட்டார். வாசிஸின் முறை வந்தபோது சுவரோரம் அழகான அடுக்காக நின்றது. அவர் தன் தட்டைச் சட்டை நுனியால் துடைத்து உச்சியில் வைத்து, அடுக்கு சாய்ந்துவிடாமல் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்தார்.

"எறிங்க! எறிங்க வாசிஸ்! ஆறு வருஷக் கோபத்தை எறிங்க!" என்று நிபுணர் தொண்டை கிழியக் கத்தினார்.

எங்களில் யாரும் அவ்வளவு கோபப்பட்ட ஒருவரை நேரில் பார்த்ததில்லை. சுந்தாரி அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் லாஸ்மி தொலைபேசியில் கூப்பிட்டார். மலைப்பக்கத்து ஆட்கள் படியெல்லாம் பார்த்துப் பேசுவதில்லை. பக்கத்து மேசையில் வறுத்த சோயா டெம்பே தின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அங்க என்னதான் பண்றீங்க?"

"கோபப்படப் பழகிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"தட்டுகிட்ட."

"என்கிட்ட வந்து பழகுங்க, ஒரே நாள்ல வந்துரும். தெகால்காரன் நேத்து ஆபீஸுக்கு வந்திருந்தானாம். உங்க நாற்காலியில உக்காந்து பாத்துட்டு, முதுகுக்கு ஒரு தலகாணி வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

வாசிஸ் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"நிங் இந்த வாரமும் கேக்கறா. அப்பா பஸ்ல வருவாரான்னு இல்ல, அந்த பஸ் வருமான்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

வாசிஸ் தொலைபேசியை வைத்துவிட்டுத் தட்டில் மீதியிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டார். கை கழுவினார். கூட்ட அறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே நிபுணர் இயக்குநரிடம் ஒரு புதுத் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாசிஸ், உங்களைப் பத்தித்தான் பேசறோம். நீங்க ஆழமான கேஸ். மறுபடி அதிர்ச்சியிலேர்ந்து ஆரம்பிக்கலாம். இன்னும் மூணு மாசம். பொறுமையா போவோம், என்ன?"

வாசிஸ் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். முதுகு லேசாக வளைந்தது. பேசியபோது குரல் அவ்வளவு மென்மையாக இருந்ததால் மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா. அறிவிற் சிறியவனாகிய அடியேன், தங்கள் பொன்னான காலத்தை இத்தனை நாள் வீணாக்கியமைக்குத் தங்கள் திருமுன் மன்னிப்பு வேண்டி நிற்கிறேன். தாங்கள் நெடுந்தொலைவு வந்திருக்கிறீர்கள். தங்களுக்குக் களைப்பு மிகுந்திருக்கும். தங்கள் அன்னையார் நலமாக இருக்கிறார்களா? தாங்கள் ஊர் திரும்பி, தங்கள் இல்லத்தில், நெடுங்காலம், மிக நெடுங்காலம் ஓய்வு கொண்டருள வேண்டும் என்பதே அடியேனின் பிரார்த்தனை."

பிறகு ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டு, மூடி போட்டு, இரண்டு கைகளாலும் ஏந்தி நிபுணரின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டுப் பின்புறம் காட்டாமல், பின்னோக்கியே நடந்து கதவு வரை போய் நின்றார்.

கணக்கர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். சுந்தாரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடுவதற்குத் தயாராக ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். இயக்குநரின் உதட்டில் ரத்தமே இல்லை. சோலோவில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் தாயாரை அப்படி விசாரித்ததை எங்கள் தலைமுறையில் யாரும் கேட்டதில்லை.

நிபுணர் முகம் மலர்ந்து தேநீரைக் குடித்தார்.

"பாத்தீங்களா! என்ன அமைதி! என்ன பணிவு! நேரா ஏற்புக்கே தாவிட்டார். ஆனா கோபத்தைத் தாண்டாம வந்தது செல்லாது. மூணு மாசம் ஆரம்பிச்சுடலாம்."

"பாக்," என்றார் இயக்குநர், "அதுதான் கோபம்."

"எது?"

"இப்ப நடந்தது. இதுக்கு மேல இங்க கோபமே கிடையாது. இதுக்கு அடுத்தது கொலைதான்."

நிபுணர் நம்பவில்லை. நாங்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னோம். 'அடியேன்' என்றதைச் சொன்னோம், சர்க்கரையைச் சொன்னோம், பின்னோக்கி நடந்ததைச் சொன்னோம். எடை அளவை அலுவலகம் அல்லவா, எதையும் அளவிட்டுச் சொன்னால் நம்புவார் என்று சுந்தாரி அங்கேயே ஒரு அளவுகோல் போட்டுக்கொடுத்தார். சாதாரணப் பேச்சு, சுழியம். 'நீங்கள்', இரண்டு. 'தாங்கள்', ஐந்து. தாயாரை விசாரித்தால் ஒன்பது. நிபுணருக்கு அது பிடித்துப்போயிற்று. வாசிஸின் பெயருக்கு நேரே கோபம் பூர்த்தியானதாக எழுதி, அளவுகோலைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று கேட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உதவியாளர்கள் சுறுசுறுப்பானவர்கள். அந்த அளவுகோலை வைத்து, அதுவரை ஒலிப்பதிவு செய்திருந்த எல்லாக் கூட்டங்களையும் திரும்பப் போட்டுக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. அதைப் படமாக வரைந்து, கோபத்துக்குச் சிவப்பு பூசி, சுவரில் மாட்டினார்கள். அலுவலகம் முழுவதும் சிவப்பு. மாற்றம் தொடங்குவதற்கு முன்னால் நடந்த கூட்டங்களும் சிவப்பு. இயக்குநரிடம் யார் பேசினாலும் அளவு ஏழுக்குக் கீழே இறங்கவில்லை.

இயக்குநர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இங்க நான் வந்து பதினோரு வருஷம்" என்றார். "அப்ப பதினோரு வருஷமாவா?"



"அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை ஐயா," என்றார் சுந்தாரி, தலை குனிந்து, மிக மென்மையாக. "தாங்கள் வீணாக மனம் வருந்த வேண்டாம்."

இயக்குநர் அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

மீதி இரண்டு வட்டங்களும் தொல்லை கொடுக்கவில்லை. பேரம் பேச சோலோ சந்தைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிபுணர் வாயைத் திறப்பதற்குள் வாசிஸ் மேசையின் பாதியை மட்டும் நகர்த்தலாமா என்று கேட்டு, கால்வாசி வரை இறங்கி, முழு மேசைக்கு ஒப்புக்கொண்டு முடித்துவிட்டார். சோர்வு தானாகவே வந்திருந்தது. மாதத்தின் கடைசி நாள் விழா என்று முடிவாயிற்று. மேசை வலது அறையில் வைக்கப்பட்ட நிமிடமே வாசிஸின் விடுவிப்பு ஆணை மேடையில் வழங்கப்படும். வொனோசோபோ பேருந்து இரண்டு மணிக்கு. மறுநாள் முதல் தேதி.

விழாவுக்கு மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். இயக்குநர் அதன் நுனியை வெட்டி முதல் தட்டை வாசிஸிடம் கொடுத்தார். கொடுக்கும்போது 'தாங்கள்' என்று வந்துவிடாமல் ஜாக்கிரதையாக, பேசாமலே கொடுத்தார். வாசிஸ் துணிப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். கோஷம் முழங்கியது. எட்டுப் பேர் மேசையைத் தூக்கினார்கள். இடது அறையின் இரட்டைக் கதவைத் தாண்டி, நடையைக் கடந்து, வலது அறையின் ஒற்றைக் கதவுக்கு வந்தார்கள்.

மேசை நுழையவில்லை.

சாய்த்துப் பார்த்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள். காலை முதலில் விட்டுப் பார்த்தார்கள். இடித்த ஒவ்வொரு முறையும் கதவுநிலையிடம் மன்னிப்புக் கேட்டார்கள். முற்றத்தில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் "எங்கே போறோம்?" என்று ஒருவரும், "எதிர் ரூமுக்கு!" என்று மற்றவர்களும் கத்திக்கொண்டே இருந்தார்கள். பாதி உள்ளே போய், மேசை வாசலில் இறுகிப்போய் நின்றது. இப்போது பின்னாலும் வரவில்லை.

"பதற வேண்டாம்" என்றார் நிபுணர். அவர் கண்கள் மின்னின. "இது எதிர்ப்பு. கட்டடத்தோட எதிர்ப்பு. கதவை மாத்தறதா இருந்தா அது தனி மாற்றம். அதிர்ச்சியிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

வாசிஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். அவர் வாய் திறந்து, "பெருமதிப்பிற்குரிய..." என்று தொடங்கியதும் மேசையைத் தூக்கி வந்த எட்டுப் பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"இருப்பா, இரு" என்று சுந்தாரி அவர் தோளை அழுத்தினார்.

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "நடந்ததைப் பதிவு பண்ணுங்க இபு. 'மேசை நுழையவில்லை, மாற்றம் நிறைவேறவில்லை'ன்னு எழுதிக்குங்க."

"எத்தனை அகலத்துக்கு நுழையலைன்னு எழுதணும் பாக். நாம எடை அளவை ஆபீஸ். அளவு போடாம 'நுழையல'ன்னு எழுதினா சந்தையில மிளகாக்காரி சிரிப்பா."

"அளந்துட்டு எழுதுங்க."

ஒருவர் ஓடிப்போய் ஓர் அளவுநாடாவைக் கொண்டுவந்தார். சுந்தாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார். "இது வேணாம்." இன்னொன்று வந்தது. "இதுவும் வேணாம்." களஞ்சியத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய வந்தது. சுந்தாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வரிசையாகத் தரையில் வைத்தார். பிறகு எழுந்து இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் பெட்டியைப் பார்த்தார். விழாவுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரரைப் பார்த்தார். பெட்டியின் மூடியைக் காலால் சாத்தினார்.

"அப்ப அளக்க முடியாதா?"

"முடியாது பாக்."

"அளக்க முடியலைன்னா?"

"நுழையலைன்னு எழுத முடியாது."

"எழுத முடியலைன்னா?"

"நுழைஞ்சுதுன்னுதான் ஆகுது பாக்."

இயக்குநர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க இப்ப மரியாதையாவா பேசறீங்க?"

"சேச்சே, சாதாரணமாத்தான் பேசறேன்."

இயக்குநர் நிம்மதியாக மேடைக்குப் போனார். மேசை வலது அறைக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டதாக அறிவித்தார். மணித்தட்டை அடித்தார், அறிவிப்பாளர் "அடித்துவிட்டார்" என்றார். நிபுணர் ஏதோ சொல்ல எழுந்தபோது அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அது முகத்தையும் சேர்த்து மூடிவிட்டது. விடுவிப்பு ஆணையை வாங்கிக்கொண்டு வாசிஸ் ஓடினார். நடையில் மேசை அடைத்துக்கொண்டிருந்ததால் அதன்மேல் ஏறி, மறுபக்கம் குதித்து, பேருந்து நிலையத்தைப் பார்த்து ஓடினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் தேதி காலை அவர் வொனோசோபோவில் பொறுப்பேற்றார். தெகால்காரர் நேரில் வந்து வாழ்த்துச் சொன்னாராம், மிகுந்த மரியாதையோடு.

மேசை இன்றும் வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கிறது. பதிவுகளின்படி அது முழுவதுமாக வலது அறையில் இருக்கிறது. புதிதாக வந்த புகார் அதிகாரி ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போகிறார். மாகாணத்திலேயே மிகச் சிறந்த மாற்றம் என்று அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை அந்த மேசைமேல்தான் வைத்திருக்கிறோம்.

அன்று அளக்க முடியாமல் போனதற்குக் காரணம் சின்னது. எங்கள் அலுவலகத்தில் இருந்த அளவுநாடாக்களில் ஒன்றுக்குக்கூட அந்த வருடத்து முத்திரை குத்தப்பட்டிருக்கவில்லை.